எந்த ஐந்தாம் சிம்பொனியைக் கேட்பது?

கேள்வி: கோயமுத்தூர் கணபதியில ஒரு பம்ப்செட் கம்பெனியில டெஸ்டிங் பிரிவுல வேலை பார்க்கறேனுங்க. சின்ன வயசுல இருந்தே இளையராஜா பாட்டுத்தான் எனக்கு எல்லாம். 2025 மார்ச்சுல அவரு லண்டன்ல சிம்பொனி அரங்கேற்றுனப்ப, சிம்பொனின்னா என்னன்னுதான் பார்த்துரலாமேன்னு பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனிய போன்ல போட்டுக் கேட்டேன். ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. ஆனா தேடுனா நூத்துக்கணக்குல வருது. கராயன், கிளைபர், கார்டினர்னு மூணு கண்டக்டருங்களோடது கேட்டேன். மூணும் வேற வேற மாதிரி இருக்குது. ஒருத்தர் 31 நிமிசத்துல முடிச்சர்றாரு, இன்னொருத்தர் 33 நிமிசத்தத் தாண்டிப் போறாரு. எல்லாமே பேப்பர்ல எழுதி வெச்சு வாசிக்கறதுதானுங்களே, அப்புறம் எப்படி மாறுது? இதுல எது சரியானது? எனக்கு மேல்நாட்டு நோட்ஸ் எல்லாம் படிக்கத் தெரியாதுங்க. நான் எப்படி ஒப்பிட்டுப் பார்க்கறது? அதுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கோணுமா? எங்க ஷிப்டுல இருக்கற ஒரு அண்ணன், கராயன் இருக்கறப்ப மத்தது எதுக்குங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?

— ஒரு வாசகர், கணபதி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நிமிடக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 31 நிமிடத்தில் முடிவது, கராயன் 1962-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கை வைத்துச் செய்த பதிவாக இருக்க வேண்டும். 33 நிமிடத்தைத் தாண்டுவது கார்லோஸ் கிளைபர் 1974-இல் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் யாரும் கிளைபர் மெதுவாகப் போகிறார் என்று சொல்ல மாட்டார்கள். பிறகு அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? நான்காவது பகுதியின் முதல் பாகத்தை மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொல்லி பீத்தோவன் குறி போட்டிருக்கிறார். கிளைபர் அதை மதித்துத் திரும்ப வாசிக்கிறார். கராயன் வாசிக்காமல் மேலே போய்விடுகிறார். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்தைப் பார்த்து வேகத்தை முடிவுகட்டக் கூடாது. எதை எத்தனை முறை வாசித்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, வேகத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த சிம்பொனி 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. அப்போது வேகத்தை அளக்கும் மெட்ரோனோம் கருவி கிடையாது. வேகத்தைச் சொல்லால்தான் குறிப்பார்கள். மெட்ரோனோம் வந்த பிறகு, 1817-இல் பீத்தோவன் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் எண்ணாகவே வேகத்தைக் குறித்து வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு அவர் கொடுத்தது நிமிடத்துக்கு 108 பார் (தாளக் கட்டம்). அந்தப் பகுதியில் இருப்பவை 502 பார். முதல் 124 பாரைத் திரும்ப வாசிக்க வேண்டும்; ஆக மொத்தம் 626. 108-ஆல் வகுத்தால் 5 நிமிடம் 48 வினாடி வரும். நடுவில் நிறுத்தி இழுக்கும் இடங்களுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது பதிவுகளைப் பாருங்கள். கிளைபருக்கு ஏறக்குறைய 7 நிமிடம் 20 வினாடி. ஓட்டோ கிளெம்பரர் 1959-இல் லண்டன் பில்ஹார்மோனியாவோடு செய்ததில் இதே பகுதி கிட்டத்தட்ட 9 நிமிடத்தைத் தொடுகிறது. இருவருமே அந்த 124 பாரைத் திரும்ப வாசித்தவர்கள்தான். எழுதியவர் போட்ட எண்ணுக்கு அருகே வருகிறவர்கள் கார்டினரும், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்த ரோஜர் நோரிங்டனும்.

அப்படியானால் கார்டினர்தான் சரி, மற்றவர்கள் எல்லாம் தவறு என்று ஆகுமா? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் கண்டக்டர்கள் அந்த எண்ணை நம்பவில்லை. காது கேளாத பீத்தோவன் மனதுக்குள் கேட்ட வேகம் அது, நிஜ அரங்கில் அந்த வேகத்தில் வாசித்தால் தெளிவு போய்விடும் என்றார்கள். கருவியே பழுதாக இருந்திருக்கலாம் என்றும் சிலர் வாதாடினார்கள். என் கருத்து, அந்த எண் ஒரு சாட்சியம். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கண்டக்டர் அதற்கு ஈடாக வேறொன்றைத் தர வேண்டும். கிளெம்பரர் தருகிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

வேகத்தைக் குழப்பியதில் ஒரு கதைக்கும் பங்கு உண்டு. தொடக்கத்தின் நான்கு சுரமும் விதி வந்து கதவைத் தட்டும் ஓசை என்று நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். பீத்தோவனே அப்படிச் சொன்னதாக எழுதியவர் அவருக்குச் சிலகாலம் உதவியாளராக இருந்த ஆன்டன் ஷின்ட்லர். பீத்தோவனோடு மற்றவர்கள் எழுதிப் பேசிய நோட்டுப் புத்தகங்களில், பீத்தோவன் இறந்த பிறகு தானாகவே பல வரிகளை எழுதிச் சேர்த்தவர் அவர். அது பின்னால் ஆராய்ச்சியில் அம்பலமானது. ஆகவே அவர் வாக்கை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. பீத்தோவனின் மாணவர் செர்னி சொன்னது வேறு; அந்த நான்கு சுரமும் ஒரு மஞ்சள் குருவியின் கூவலிலிருந்து வந்தவை என்பது அவர் பக்கத்துச் செய்தி. விதி என்று நினைத்தால் கை தானாகக் கனத்துவிடும். குருவி என்று நினைத்தால் லேசாகும். பழைய பதிவுகள் சிலவற்றில் அந்த முதல் சுரங்களைப் பிரித்துப் பிரித்து, அடித்து அடித்து வைப்பார்கள். கேட்கும்போது இந்தக் கதையும் உள்ளே நிற்கிறது என்று தெரிந்து கேளுங்கள்.

எழுதி வைத்து வாசிப்பது எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். இளையராஜா பாட்டில் வளர்ந்த காதுக்கு இந்தக் கேள்வி வந்தே தீரும். சினிமாப் பாட்டில் மூலம் என்பது அந்த ரெக்கார்டிங்கேதான். மெல்லிசைக் கச்சேரியில் ஒரு பி.ஜி.எம். பிட் மாறினாலும் கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்கும்; ரெக்கார்டில் உள்ளபடி வாசித்தால் கைதட்டு. அந்தப் பழக்கத்தோடு சிம்பொனிக்குள் போனால், இந்த நூறு பதிவில் அசல் எது என்று தேடத் தோன்றும். அங்கே அசல் என்று ஒரு பதிவு கிடையாது. அசல் காகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் அந்தக் காகிதத்தை ஒருவர் வாசித்த விதம்.

சினிமாப் பாட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் உங்கள் மண்ணிலேயே ஒன்று இருக்கிறது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவிரவாகப் பாடும் பாடகர்களைக் கேட்டிருப்பீர்கள். பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் அந்தக் கதைப்பாட்டை நாடாவில் பதிவு செய்தார். கூட்டத்தின் முன் பாடியதை ஒரு பதிவாகவும், அதே பாடகர் பாடாமல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதை இன்னொரு பிரதியாகவும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரே ஆள், ஒரே கதை, இரண்டு வடிவம். அங்கே காகிதமே கிடையாது. பாடுகிறவரும் கேட்கிற கூட்டமும்தான் மூலம். சிம்பொனி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுரம் அத்தனையும் எழுதியிருக்கிறது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு இழுப்பு, எந்தக் கருவி மேலே கேட்க வேண்டும், மௌனம் எத்தனை நீளம் என்பதை எவ்வளவு எழுதினாலும் முழுதாக எழுதிவிட முடியாது. கராயனுக்கும் கார்டினருக்கும் உள்ள வித்தியாசம் அந்த எழுத முடியாத இடத்தில்தான் இருக்கிறது. எனவே எது சரி என்பதைவிட, இவர் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்று கேட்டால் உங்களுக்கு உடனே வழி திறக்கும். நோட்ஸ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இடம் தெரிந்தால் போதும்.

முதல் இடம், தொடக்கமேதான். அந்த நான்கு சுரத்துக்கு முன்னால் காகிதத்தில் ஒரு சின்ன மௌனம் எழுதியிருக்கிறது. நம் பாட்டில் இடம் விட்டு எடுப்பது மாதிரி, கண்டக்டரின் கை தாளத்தை மௌனத்தில் போடுகிறது; ஒலி அதற்குப் பின் வெடிக்கிறது. கிளைபர் பதிவில் அந்த முன்மௌனத்தின் அழுத்தம் சுரத்திலேயே தெரியும். மூன்று குறுஞ்சுரமும் ஓடிவந்து நீண்ட சுரத்தில் விழுந்துவிடும். நீண்ட சுரம் இரண்டு முறை வருகிறது அல்லவா? இரண்டாவதற்கு பீத்தோவன் ஒரு பார் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். அது முதலாவதைவிட நீளமாக நிற்கிறதா, இல்லை இரண்டும் ஒரே அளவா என்று மூன்று பதிவிலும் பாருங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தத் தொடக்கத்தை வாசிப்பவை தந்தி வாத்தியங்கள் மட்டும் என்றுதான் காதுக்குப் படும். உள்ளே கிளாரினெட்டும் சேர்ந்திருக்கிறது. கார்டினரின் கூட்டம் சிறியது, வயலின்களில் நரம்புத் தந்தி. அதனால் அந்த மரத்தொனி மெல்லியதாக வெளியே தெரிகிறது. பெரிய கூட்டத்தில் அது மூழ்கிவிடுகிறது.

உடனே அடுத்து வருவது இன்னும் அழகான இடம். இரண்டாவது நீண்ட சுரம் அடங்கியதும், அதே நான்கு சுரத்தை இரண்டாம் வயலின் குழு எடுக்கிறது, வயோலா வாங்குகிறது, முதல் வயலின் குழு மேலே கொண்டுபோகிறது. கை மாறிக் கை மாறிப் போகும். கிளெம்பரர் பழைய முறைப்படி முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் உட்கார வைப்பார். அவருடைய 1959 பதிவு ஸ்டீரியோ. ஹெட்போனில் கேட்டால் அந்த நான்கு சுரமும் வலது காதில் கிளம்பி இடது காதுக்கு நடந்து போவது தெரியும். இரண்டு வயலின் குழுக்களையும் ஒரே பக்கம் அடுத்தடுத்து உட்கார வைக்கும் பிற்காலப் பழக்கத்தில் இந்த நடை கிடைக்காது. அவர் மெதுவாகப் போவதற்கு ஈடாக ஒன்றைத் தருகிறார் என்று மேலே சொன்னேனே, முதலில் தருவது இது. அடுத்தது, அந்த வேகத்தில் மரக் காற்றுக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. மற்ற பதிவுகளில் இருக்கிறது என்றே தெரியாத பேஸூன் வரிகளை நான் கிளெம்பரரிடம்தான் கேட்டேன்.

பேஸூன் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். முதல் பகுதியில் ஒரு நிமிடம் ஆவதற்குள் புயல் சட்டென்று நிற்கும். இரண்டு ஹார்ன்கள் தனியாக, கம்பீரமாக ஒரு அழைப்பு விடுக்கும். பிற்பாதியில் அதே அழைப்பு திரும்ப வருகிறது. ஆனால் அங்கே பீத்தோவன் எழுதியிருப்பது ஹார்னுக்கு இல்லை, பேஸூனுக்கு. காரணம் எளிமையானது. அவர் காலத்து ஹார்னில் வால்வு கிடையாது. ஒரு சுருதிக்குக் குழாயைப் பொருத்திக்கொண்டால் அந்தச் சுருதிக்குரிய சில சுரங்கள்தான் நன்றாக ஒலிக்கும். பிற்பாதியில் சுருதி மாறிவிட்டது, குழாயை மாற்ற நேரமும் இல்லை. பின்னாளில் வால்வு ஹார்ன் வந்தது. பீத்தோவனுக்கு வசதி இருந்திருந்தால் ஹார்னுக்குத்தானே எழுதியிருப்பார் என்று சொல்லி, பல கண்டக்டர்கள் அந்த இடத்தை ஹார்னுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களின் காலத்துப் பதிவுகளில் அதை அடிக்கடி கேட்கலாம். கார்டினர் பேஸூனையே வைத்திருக்கிறார். கேட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கம்பீரம் குறைந்து ஒரு வறண்ட, கொஞ்சம் கரகரத்த குரல் வரும். எனக்கு அந்தக் கரகரப்புதான் வேண்டும். முன்பாதியில் வென்றது போல நின்ற ஒன்று, பிற்பாதியில் குரல் கம்மி வருகிறது. எதனால் அப்படி எழுதினார் என்பது தெரிந்த பிறகும் அதன் பலன் காதில் நிற்கிறது. உங்களுக்கு ஹார்ன்தான் பிடித்தால் அதிலும் தவறில்லை. இரண்டையும் அடையாளம் கண்டுவிட்டீர்கள் என்றாலே பாதி வேலை முடிந்தது.

அந்த பேஸூன் அழைப்புக்குச் சற்று முன்னால், கூட்டம் முழுக்க நின்று, ஒரே ஒரு ஓபோ மட்டும் தாளத்தை விட்டு விலகி, கிட்டத்தட்ட ஆலாபனை போல ஒரு சிறு வரி பாடிவிட்டு அடங்கும். சில வினாடிதான். கிளைபர் பதிவில் அதை வாசிப்பது வியன்னா ஓபோ. மற்ற ஊர்களில் கைவிட்டுவிட்ட பழைய வடிவத்தை வியன்னாவில் விடாமல் வைத்திருக்கிறார்கள். தொனி கூர்மையாக, கொஞ்சம் தனித்து ஒலிக்கும். அந்த ஒரு வரியை மூன்று பதிவில் கேட்டாலே மூன்று மனிதர்களைச் சந்தித்தது போல இருக்கும்.

சுருதியும் மாறும். பழங்காலக் கருவிகளோடு வாசிக்கும் குழுக்கள் (கார்டினருடையது அப்படிப்பட்டதுதான்) பெரும்பாலும் ‘ஏ’ சுரத்தை 430 அதிர்வுக்கு வைக்கின்றன. வியன்னா பில்ஹார்மோனிக் 443-க்கு வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் கால் சுரம். கிளைபரைக் கேட்டு முடித்த கையோடு கார்டினரைப் போட்டால் ஏதோ இறங்கிப்போனது போல இருக்கும். அது பதிவின் குறை இல்லை. நடுவில் பத்து நிமிடம் விட்டுவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக ஓர் இடம், எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. மூன்றாவது பகுதி முடியவேண்டிய இடத்தில் முடியாது. தந்திகள் மூச்சுப் போல ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, டிம்பனி முரசு மட்டும் மெல்ல, மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 50 பார் இப்படி. பிறகு ஒரு பெருக்கம். இடைவெளியே இல்லாமல் நான்காவது பகுதி வெளிச்சமாகத் திறந்துகொள்ளும். இந்தக் கணம் வரை சும்மா உட்கார்ந்திருந்த மூன்று டிராம்போன்களும் பிக்கோலோவும் கான்ட்ராபேஸூனும் இங்கேதான் முதன்முதலாக வாயைத் திறக்கின்றன. இந்த இருட்டை எவ்வளவு நேரம் தாங்க வைக்கிறார், வெளிச்சத்துக்கு எந்த வேகத்தில் போகிறார் என்பதில் ஒரு கண்டக்டர் முழுதாகத் தெரிந்துவிடுவார். இந்த இடத்துக்கு நான் போவது கண்டக்டர் ஃபுர்ட்வெங்லரிடம். நாஜி ஆட்சிக் காலத்தின் பெரும்பகுதியும் ஜெர்மனியை விட்டுப் போகாமல் அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். போருக்குப் பின் விசாரணை முடிந்து, 1947 மே மாதம் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் முன் மறுபடியும் நின்றார். அந்த மே 27 பதிவு கிடைக்கிறது. மோனோ, ஒலி சுமார்தான், வேகம் பாருக்குப் பார் மாறும். பீத்தோவனின் மெட்ரோனோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த 50 பாரை அப்படி யாரும் தாங்கிப் பிடித்து நான் கேட்டதில்லை. இடிந்துகிடந்த ஒரு நகரத்தில் அதை வாசித்தார்கள் என்ற செய்தி என் காதைச் சாய்க்கிறது என்பதும் உண்மைதான். செய்தி தெரியாமல் ஒருமுறை கேளுங்கள் என்று சொல்ல நினைத்தேன், நானே சொல்லிவிட்டேன்.

இங்கேதான் உங்கள் போனைப் பற்றி எச்சரிக்கை. மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிய பகுதிகள். ஆப்பில் அவை இரண்டு டிராக்காக இருக்கும். நடுவில் இடைவெளி விழாமல் ஓடும்படி செட்டிங்கில் மாற்றிவையுங்கள்; ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இலவசக் கணக்கு என்றால் அந்த இடத்தில் விளம்பரம் வந்து விழ வாய்ப்பு உண்டு. பீத்தோவன் 50 பார் கட்டியதை அது ஒரு நொடியில் கலைத்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே சிடி வாங்கினாலும் பணம் வீண் இல்லை என்பேன். அதே போல ஆப்பில் வரும் நூற்றுக்கணக்கில் பல, ஒரே பதிவின் மறுவெளியீடுகள். கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு மூன்றையும் பாருங்கள். வெளியான ஆண்டு உங்களைக் குழப்பும்.

உங்கள் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். கராயன் என்றால் எந்தக் கராயன் என்று அவரிடம் கேளுங்கள். பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு 1960-களின் தொடக்கத்தில் ஒன்று, 1970-களில் ஒன்று, 1980-களில் டிஜிட்டலில் ஒன்று என்று ஒன்பது சிம்பொனிகளையும் மூன்று முறை முழுதாகப் பதிவு செய்தவர் அவர். அதற்கும் முன்னால் 1950-களில் லண்டன் பில்ஹார்மோனியாவோடு ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் அவர் நோக்கம் தொனியின் பளபளப்பு. முனை தெரியாத, ஒரே உடம்பாகப் பாயும் ஒலி. 1962-இல் அதோடு ஒரு பசியும் இருக்கிறது. பெர்லினில் டாலெம் பகுதித் தேவாலயத்தில் பதிவானது, காற்றோட்டமான ஒலி. 1980-களின் பதிவில் பளபளப்பு கூடி, எனக்கு மூச்சு முட்டுகிறது. அண்ணன் 1962-ஐச் சொல்கிறார் என்றால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அது ஒன்றே போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கராயன் மறைத்த இணைப்புகளைக் கார்டினர் திறந்து காட்டுகிறார். அதைக் கேட்ட பிறகு கராயன் எதை மறைத்தார், அதற்கு எவ்வளவு திறமை வேண்டும் என்பதும் புரியும்.

என் தேர்வைக் கேட்டால், கிளைபரை உங்கள் சொந்தப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். வேகம், தெளிவு, அழுத்தம் மூன்றும் ஒன்றை ஒன்று தின்னாமல் இருப்பது அங்கேதான். அது மனப்பாடம் ஆகும்வரை மற்றதைத் தொடாதீர்கள். பாட்டே பதியாத நிலையில் இரண்டு பதிவை ஒப்பிட்டால், முதலில் கேட்டது எதுவோ அதுதான் பிடிக்கும். பிறகு கார்டினர், பிறகு கிளெம்பரர், கடைசியில் ஃபுர்ட்வெங்லர். ஆசை இருந்தால் கிளைபரின் தகப்பனார் எரிக் கிளைபர் 1953-இல் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்ததையும் தேடுங்கள். மகன் வானத்திலிருந்து குதிக்கவில்லை என்பது தெரியும். அந்த விறைப்பும் ஓட்டமும் தகப்பனிடமே இருக்கின்றன.

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஆர்தர் நிக்கிஷ் 1913-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்தது இருக்கிறது. முழு சிம்பொனியைத் தட்டில் ஏற்றிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. மைக் வருவதற்கு முந்தைய காலம். புனல் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்தார்கள், பக்கத்துக்கு நாலு நிமிடம்தான் கொள்ளும் என்பதால் துண்டு துண்டாக. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் பழைய பிளேட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்த நெருக்கடி புதிதில்லை; நாடக மேடையில் நின்று நிதானமாகப் பாடியதைத் தட்டுக்காகச் சுருக்கியாக வேண்டும். அந்தக் காலத்துப் பதிவில் வேகத்தைக் கண்டு வியக்கும் முன், அது கண்டக்டரின் வேகமா தட்டின் வேகமா என்று ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடும் முறை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. இரண்டு பம்பை எப்படிச் சோதிப்பீர்கள்? ஒரே ஹெட், ஒரே வோல்டேஜ் வைத்துத்தானே எது எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்ப்பீர்கள்? இங்கே அந்த ஹெட் என்பது சத்த அளவு. இரண்டு பதிவில் எது சற்றே சத்தமாக இருக்கிறதோ அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். முதல் நான்கு சுரமும் இரண்டிலும் ஒரே பலத்தில் விழும்படி வால்யூமைச் சரிசெய்துகொண்டு ஆரம்பியுங்கள். முழு சிம்பொனியையும் முழு சிம்பொனியோடு மோத விடாதீர்கள். ஓபோ வரி, பேஸூன் அழைப்பு, டிம்பனி தட்டும் இருட்டு என்று ஒரு நாளைக்கு ஓர் இடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இளையராஜாவின் சிம்பொனியையும் இப்படி ஒப்பிட முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘வேலியன்ட்’ 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில், ராயல் பில்ஹார்மோனிக் கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, மிக்கேல் டாம்ஸ் நடத்த அரங்கேறியது. 1993-இலேயே அவர் ராயல் பில்ஹார்மோனிக்கோடு ஒரு சிம்பொனியைப் பதிவு செய்து, அது வெளிவராமலே போனது அவர் ரசிகர்களுக்கு ஆறாத குறை. இந்த முறை மேடையேறிவிட்டது. ஒப்பிட இன்னொரு கண்டக்டர், இன்னொரு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். அவர் பாட்டுக்கு ரெக்கார்டே மூலம். அவர் சிம்பொனிக்கு அவர் எழுதிய காகிதம்தான் மூலம். இன்னொருவர் கையில் அது வேறு மாதிரி ஒலிக்கும் நாளில், இது ராஜா வாசிக்கச் சொன்ன மாதிரி இல்லையே என்று நம் ஆட்கள் கோபப்படக் கூடாது என்பது என் ஆசை. அப்படி ஒலித்தால்தான் அது சிம்பொனியாக ஊர் சுற்ற ஆரம்பித்திருக்கிறது என்று பொருள்.

ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டாம். காதை நன்றாக மூடும் வயர் ஹெட்போன் ஒன்று போதும். சத்தி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது கேட்காதீர்கள். டிம்பனி தட்டும் அந்த இடம் காதில் விழவே விழாது, விழவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால் நான்காவது பகுதி திறக்கும்போது காது வலிக்கும். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் நிற்கிறவர் நீங்கள். வீடு வந்து ஒரு மணி நேரமாவது காதை ஓய விட்டுவிட்டு ராத்திரியில் போடுங்கள். கிளைபர் சிடி கிடைத்தால் அதில் ஐந்தாவதோடு ஏழாவதையும் சேர்த்துத் தந்திருப்பார்கள். ஐந்தாவது பழகியதும் ஏழாவதின் இரண்டாவது பகுதியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.